மொய்க்கு 30 வெள்ளி எழுதினா கஞ்சனா?

555 நோட்டுக்காரன்:

வணக்கம். மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன். போன வாரம் ஒரு கல்யாணத்துல சொந்த மாமா எல்லார் முன்னாலயும் "கவருக்குள்ள காத்தா வெச்ச?"னு கேட்டுட்டார். ரெண்டு நாளா தூக்கம் இல்ல. நான் செய்யிறது தப்பான்னு நீங்க சொல்லுங்க.

எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினவர். நாங்க குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு வெளிய இருந்த சீனக்கடையில எங்க வீட்டுக்குன்னு ஒரு 555 நோட்டு இருக்கும். சட்டைப் பையில அடங்குற சின்ன நோட்டு, பெரியவங்க எல்லாருக்கும் தெரியும். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் அதுல ஏறும். சம்பள நாள்ல அப்பா போயி அடைப்பார், கடைக்காரர் பக்கத்துல ஒரு கோடு இழுப்பார். சாயங்காலமே அடுத்த பக்கத்துல சீனி ஒரு கிலோன்னு திரும்ப ஆரம்பிச்சிரும். எங்க வீட்டுக் கடன் எவ்வளவுன்னு எங்க அம்மாவ விட அந்தக் கடைக்காரருக்கு நல்லாத் தெரியும். சின்ன வயசுல எனக்கு அது ரொம்ப அவமானமா இருக்கும்.

போன வருஷம் நானே ஒரு 555 வாங்கினேன், என் கையால எழுத. ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில வேலை. அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). சேமநிதி, சொக்சோ காப்புறுதி போக கைக்கு 1,500 சொச்சம். ஓடி (கூடுதல் நேர வேலை) கிடைச்சா 300, 400 கூட வரும். மனைவி கேன்டின்ல பாதி நாள் வேலை, 700 வெள்ளி. ரெண்டு பிள்ளைங்க. வாடகை வீடு.

எழுதுறதுக்கு முன்னாடி, நான் வெளிய குடிக்கிற தேத்தண்ணியும் பசார் மாலாமும் (ராத்திரிச் சந்தை)தான் காசத் தின்னுதுன்னு நெனச்சேன். இல்ல. வருஷக் கடைசியில கூட்டிப் பாத்தா 14 விசேஷம். கல்யாணம், சடங்கு, புதுமனை, மண்டபம் எடுத்து வெச்ச பிறந்தநாள். மொய் மட்டும் 1,120 வெள்ளி. சேலை, பிள்ளைங்க சட்டை, பெட்ரோல் எல்லாம் சேத்தா 1,900. ஒரு மாசச் சம்பளத்துக்கு மேல.

அதே வருஷம் என் மோட்டோவுக்குப் பின் டயர் வழுவழுன்னு தேஞ்சு போச்சு. மாத்தக் காசு இல்லாம ரெண்டு மாசம் மழையில ஈப்போ போயிட்டு வந்தேன். அந்த ரெண்டு மாசத்துக்குள்ளதான் மனைவியோட சங்கிலிய 400க்கு அடகு வெச்சு ஒரு கல்யாணத்துக்கு மொய், இன்னொரு சடங்குக்குச் சேலைன்னு செஞ்சோம். மாசம் 8 வெள்ளி வட்டி. ஆறு மாசம் கழிச்சு மீட்டப்ப 48 வெள்ளி வட்டியாவே போச்சு.

அதுக்கப்புறம் முடிவு பண்ணினேன். கூடப் பொறந்தவங்க வீட்டுக்கு 100, மத்த எல்லாருக்கும் 30. கூட்டு சேர மாட்டேன், அதான் மாசாமாசம் எல்லாரும் காசு போட்டு ஒருத்தர் மொத்தமா எடுக்கிற சீட்டு. யாருக்கும் கைமாத்து கிடையாது. இதுல என்ன தப்பு?

ஆயாகொட்டாய் அக்கா:

தம்பி, கோவப்படாம படிங்க. டயர் விஷயம் படிச்சப்ப மனசு பதறிப் போச்சு. ஆனா உங்க முடிவு எனக்குச் சரியாப் படல.

1993ல என் வீட்டுக்காரர் தவறிப் போனார். கைப்பிள்ளையோட சேத்து மூணு. நான் தோட்டத்து ஆயாகொட்டாயில பிள்ளைங்களப் பாத்துக்கிட்டு இருந்தேன், என்ன பெரிய சம்பளம். பதினாறு முடியிறதுக்குள்ள லயத்துல ஒவ்வொரு வீடாப் போயி காசு சேத்துக் கொண்டாந்தாங்க. தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணி வீட்டுல இருந்து, புதுசா வேலைக்குச் சேந்து பெரட்டுக்கு வந்த பையன் வரைக்கும். அஞ்சு வெள்ளி, பத்து வெள்ளி. ஸ்கூல் நோட்டுல பேர் போட்டு எழுதிக் குடுத்தாங்க. மூணு மாசம் என் அடுப்பு அதுலதான் எரிஞ்சது. அந்த நோட்டு இன்னும் என் பீரோவுல இருக்கு. அதுல உள்ளவங்க வீட்டுல எது நடந்தாலும் நான் போவேன். போற அன்னிக்கு அந்தப் பேருக்கு நேரா பென்சில்ல ஒரு புள்ளி வெப்பேன்.

உங்க நோட்டுல போனது மட்டும்தான் இருக்கு தம்பி. உங்க கல்யாணத்துக்கு மொய் நோட்டு எழுதியிருப்பாங்களே, அது எங்க? அதப் பக்கத்துல வெச்சுக் கூட்டிப் பாத்தீங்களா?

கணக்கு வாத்தியார்:

அக்கா சொல்வதில் உள்ள பாசத்தை மதிக்கிறேன். ஆனால் சாவு வீட்டுக்குக் கொடுத்த அஞ்சு வெள்ளியும், மண்டபத்தில் கேக் வெட்டும் பிறந்தநாளுக்குக் கொடுக்கும் 100 வெள்ளியும் ஒன்றா? முதலாவது பசிக்குப் போனது. இரண்டாவது மண்டப வாடகைக்குப் போகிறது.

தம்பியின் கணக்கில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த அடகுதான். சட்டப்படி அடகுக்கடை மாதம் 2 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். பார்க்கச் சின்னதாக இருக்கும், வருடத்துக்கு 24. கடன் அட்டையில்கூட இங்கே அதிகபட்சம் 18தான். அந்த அட்டையிலேயே எத்தனை குடும்பம் மூழ்கியிருக்கிறது! 3,000 வெள்ளி பாக்கி வைத்துவிட்டு மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையாக 5 விழுக்காடு கட்டுகிறவர் முதல் மாதம் 150 கட்டுவார். அதில் ஏறக்குறைய 45 வட்டிக்கே போய்விடும். மாணவர்களின் பெற்றோர் என்னிடம் பில்லைக் கொண்டுவந்து, "கட்டிக்கிட்டேதான சார் இருக்கோம், ஏன் குறைய மாட்டேங்குது?" என்று கேட்டிருக்கிறார்கள். கடன் கழுத்தை நெரிக்கிறவர்கள் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்தது. ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது, வங்கியிடம் பேசித் தவணையை மாற்றி அமைத்துத் தருவார்கள்.

கூட்டு வேண்டாம் என்று தம்பி எடுத்த முடிவு நூற்றுக்கு நூறு சரி. 1971லேயே கூட்டுக்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. என் தங்கை மாதம் 100 வீதம் 14 மாதம் கட்டினாள். கூட்டுப் பிடித்து நடத்தியவர் ஒரு நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். 1,400 வெள்ளி. போலீசுக்குப் போகவும் பயம், சேர்ந்ததே தப்பு என்று சொல்லிவிடுவார்களோ என்று.

பசார் மாலாம் கடைக்காரி:

சார், உங்க தங்கச்சிக்கு நடந்தது அநியாயம். ஆனா எங்க நிலையையும் கொஞ்சம் பாருங்க.

எனக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. வடை, போண்டா போட்டு விக்கிறேன். பேங்க்ல கடன் கேட்டப்ப மூணு மாசச் சம்பளச் சீட்டு கொண்டாங்கன்னாங்க. எங்க போறது? கூட்டுதான் கை குடுத்துச்சு. இருபது பேர், ஆளுக்கு 200. மூணாவது மாசம் 4,000 எடுத்தேன், அதப் போட்டுப் பழைய வேன் ஒண்ணு வாங்கினேன். மழையில கேஸ் அடுப்பத் தலையில தூக்கிட்டு நடந்தவளுக்கு அந்த வேன் எப்படின்னு உங்களுக்குத் தெரியாது. எடுத்த பிறகு மிச்ச மாசம் ஒண்ணுகூட நான் தவறவிடல. சட்டம் தடை போட்டுச்சு, சரி. எனக்குக் கடன் குடுக்கிற வேற எடத்தையும் அதே சட்டம் காட்டியிருக்கலாம்ல?

செம்பனை லாரி:

எல்லாரும் செலவப் பத்தியே பேசுறீங்க. நான் செம்பனைக் குலை ஏத்துற லாரி ஓட்டுறவன். மில்லு வாசல்ல வரிசையில நிக்கிறப்ப இதப் படிக்கிறேன்.

குறைஞ்சபட்சச் சம்பளம் 2013ல மொதமொதல்ல வந்தப்ப 900. 2022ல 1,500. 2025 பிப்ரவரியில 1,700. பன்னெண்டு வருஷத்துல 800 வெள்ளி ஏறியிருக்கு. வாடகை, ஸ்கூல் பஸ், மீன் விலை எங்க போயிருக்குன்னு உங்களுக்கே தெரியும். தம்பி 10 கிலோ உள்ளூர் அரிசி 26 வெள்ளிக்கு எந்தக் கடையில கிடைக்கும்னு தேடிப் போறவர். 2.50 பாக்கெட் எண்ணெய் வந்திருக்கான்னு கேட்டு வாங்குறவர். இவருக்கு யாரு வந்து சிக்கனம் சொல்லிக் குடுக்கணும்? இதுக்கு மேல வெட்டினா எலும்புதான் இருக்கு. மொய்ய வெட்டுறார், ஏன்னா வெட்டுறதுக்கு அவர்கிட்ட இருக்கிற கடைசிச் சதை அதுதான். அதுக்கு அப்புறம்? அடுத்த வருஷம் வாடகை 50 ஏறினா எத வெட்டுவார்?

கணக்கு வாத்தியார்:

வருமானம் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் ஊர்க்காரரான, மஇகா தலைவராக இருந்த துன் சம்பந்தனை நினைத்துப் பாருங்கள். வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கியது யார் காசு? பால் வெட்டியவர்கள் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகக் கட்டியது. அன்றைய கூலியில் பத்து வெள்ளி என்பது விளையாட்டல்ல. குறைந்த வருமானத்திலும் மிச்சம் பிடிக்க முடியும் என்பதற்கு நம் தாத்தா பாட்டியே சாட்சி.

செம்பனை லாரி:

சார், நீங்க எடுத்த உதாரணம் என் பக்கம்தான் பேசுது. அவங்க பத்து வெள்ளியத் தனித்தனியா உண்டியல்ல போட்டிருந்தா ஒரு ஏக்கர்கூட வந்திருக்காது. சேந்து போட்டாங்க, நெலம் வாங்கினாங்க, வேலையும் வீடும் கையவிட்டுப் போகாமப் பாத்துக்கிட்டாங்க. அது செலவக் குறைச்ச கதை இல்ல, வரவக் காப்பாத்தின கதை.

மூணாவது லோரோங்:

நான் வழக்கமா எழுத மாட்டேன், படிக்கிறதோட சரி. தம்பியோட நோட்டப் பத்திப் படிச்சதும் கை நடுங்குது.

என் வீட்டுக்காரரும் கணக்கு எழுதுவார். எட்டு வருஷம். கடைக்குப் போயிட்டு வந்தா ரசீது காட்டணும். எனக்கு மாசாமாசம் வாங்குற பஞ்சுப் பாக்கெட்டுக்கும் "போன மாசம் 5.90, இந்த மாசம் ஏன் 7.50?"னு கேள்வி. என் அம்மாவுக்கு மருந்து வாங்கினா அன்னிக்குச் சாப்பாட்டுல உப்பு இல்ல, ஒறப்பு இல்லன்னு குறை சொல்வார். கடன் இல்லாத குடும்பம்னு ஊரே மெச்சும். உள்ள நான் ஒரு ஐஸ்கிரீம் வாங்க பயந்து வாழ்ந்தேன்.

தம்பி, உங்க மேல பழி போடல. ஒண்ணு மட்டும் கேக்குறேன். அந்த 555 யார் கையில இருக்கு? சங்கிலிய அடகு வெச்சது யார் முடிவு? 30 வெள்ளின்னு சொன்னப்ப உங்க மனைவி என்ன சொன்னாங்க?

555 நோட்டுக்காரன்:

நாலு நாள் கழிச்சு வரேன். அக்கா ரெண்டு பேர் கேட்டதும் என்னை வேலையிலகூட விடல.

முதல்ல நோட்டு. உண்மையச் சொல்றேன், அது என் கையிலதான் இருந்துச்சு. ராத்திரி பத்து மணிக்கு உக்காந்து "இன்னிக்கு என்ன செலவு?"னு மனைவியக் கேப்பேன். ஒரு நாள் அவ, "ஸ்கூல்ல பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்குங்க"ன்னு சொல்லியிருக்கா. நான் காதுல வாங்கல. சங்கிலி விஷயமும் நான்தான் சொன்னேன், அவ கழட்டிக் குடுத்தா. இத எழுத எனக்குக் கஷ்டமா இருக்கு. சனிக்கிழமை நோட்ட அவகிட்டயே குடுத்துட்டேன். நானும் என் தேத்தண்ணிக் காச அவகிட்ட ஒப்பிக்கிறேன்.

ரெண்டாவது, எங்க கல்யாண மொய் நோட்டு. அம்மா பெட்டியில இருந்துச்சு. 2012. ரெண்டு பேரும் உக்காந்து பாத்தோம். நான் போன வருஷம் போன 14 வீட்டுல 9 வீடு அதுல இருக்கு. எங்க லயத்துல தண்டலா (வேலை மேற்பார்க்கிறவர்) இருந்தவர் 50 எழுதியிருக்கார், அவர் பேத்தி சடங்குக்குத்தான் நான் 30 வெச்சேன். தலை குனிஞ்சுட்டேன். எழுதினவங்களுக்கு எழுதினத விடக் கொறைக்க மாட்டேன். ஆனா மத்த அஞ்சு வீடு எங்க நோட்டுலயே இல்ல. அங்க 30தான், மாமா என்ன சொன்னாலும் சரி. மொய்க்காகக் கடன், அடகு, இனிமே கிடையவே கிடையாது. அதுல வாத்தியார் பக்கம்தான் நிக்கிறேன்.

ஆயாகொட்டாய் அக்கா:

நல்லது தம்பி. இன்னொண்ணு சொல்றேன். காசு இல்லாத காலத்துல நாங்க மொய்யா எழுதினோம்? முதல் நாள் ராத்திரியே போயி உக்காந்து வெங்காயம் உரிப்போம், தேங்கா துருவுவோம், ஆம்பளைங்க பந்தக்கால் நடுவாங்க. அதுக்கும் ஒரு கணக்கு உண்டு. காசு முடியாத எடத்துல முந்தின நாளே போங்க. மாமா வாய அதுதான் அடைக்கும்.

கணக்கு வாத்தியார்:

ஒரு வேண்டுகோள். 2024 மே 11 முதல் சேமநிதியில் புதிதாக வரும் பணத்தில் 10 விழுக்காடு பிளெக்சிபல் கணக்கில் விழுகிறது. 50 வெள்ளி இருந்தாலே எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அதைத் தீபாவளிச் சட்டைக்கும் மொய்க்கும் எடுக்காதீர்கள். 2024க்கு 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்தார்கள். டயருக்கு எடுங்கள், அது உயிர்.

பசார் மாலாம் கடைக்காரி:

சேமநிதி இருக்கிறவங்களுக்கு நல்ல யோசனை சார். எனக்கு அது இல்ல. நான் அடுத்த மாசமும் கூட்டுக்குக் கட்டுறேன்.

செம்பனை லாரி:

தம்பி, நோட்டு கை மாறினதுல சந்தோஷம். ஆனா இன்னும் எல்லாம் போற பக்கமே. அந்த நோட்டுல வரவுன்னு ஒரு பக்கமாவது இருக்கா?

555 நோட்டுக்காரன்:

இல்ல அண்ணே. சம்பளம்னு ஒரே வரிதான், மாசத்துக்கு ஒருக்கா.

நேத்து ராத்திரி நீங்க எழுதினத மனைவிக்கு வாசிச்சுக் காட்டினேன். அவ நோட்டத் திருப்பி, பின்னால இருந்து முதல் பக்கத்துல வரவுன்னு எழுதினா. கேன்டின்ல கூட வேலை செய்யிற ரெண்டு பேர் தீபாவளிக்கு அவகிட்ட முறுக்கு கேட்டிருக்காங்க, எனக்கு இத்தனை நாள் தெரியாது. ரெண்டு டின், முன்பணம் 40 வெள்ளி. அதத்தான் முதல் வரியா எழுதியிருக்கா. மாவு அரைக்க வர ஞாயித்துக்கிழமை போறோம்.