விமான ரிக்கற்றில பிழை: நட்டஈடு யாரிட்டக் கேக்கிறது? திருகோணமலைப் பக்கத்து மூண்டு ஊரிலிருந்து வந்த பதில்கள்

உப்புவெளியிலிருந்து:
முதல்ல பிழை யாரின்ர எண்டு பிடியுங்கோ. அது தெரியாமல் விமானக் கம்பனிக்கு எழுதினால் ரிக்கற் வித்த ஏஜென்சியைக் காட்டுவினம். ஏஜென்சி திருப்பிக் கம்பனியைக் காட்டும். ரிக்கற்றில இருக்கிற ஆறெழுத்துப் பதிவுக் குறியை, அதுதான் பிஎன்ஆரைச் சொல்லி அந்தப் பதிவின்ர ஹிஸ்டரியைக் கேளுங்கோ. எந்த மாற்றத்தை யார், எத்தினை மணிக்குச் செய்தது எண்டு அதில கிடக்கும். பாஸ்போட் படத்தைப் பாத்தும் ஏஜென்சி பிழையா அடிச்சிருந்தால் திருத்துற செலவு அவையின்ர தலையில. பேரை நீங்களே வாட்ஸ்அப்பில எழுதி அனுப்பியிருந்தால் கதை வேற. எப்பவும் படத்தையே அனுப்புங்கோ.

நிலாவெளியிலிருந்து:
தகப்பன் பேர் முன்னுக்கோ பின்னுக்கோ எண்டதிலதான் எங்கட ஆக்கள் கூட மாட்டுப்படுறது. பாஸ்போட்டின்ர அடியில இருக்கிற ரெண்டு வரியில மேல் வரியைப் பாருங்கோ. இலங்கையைக் குறிக்கிற எல்கேஏக்கு (LKA) பிறகு வாறது குடும்பப் பேர், ரெண்டு அம்புக்குறிக்கு (<<) பிறகு மற்றப் பேர்கள். பேருக்கு 39 இடம்தான், நீளப் பேர் வெட்டுப்படும். ரிக்கற்றில பேரோட எம்ஆர் (MR, திரு எண்டது) ஒட்டியிருக்கிறது பிழையில்லை, பதறாதேங்கோ.

கேக்கேக்க "பேர்த் திருத்தம்" எண்டு கேளுங்கோ. "பேர் மாற்றம்" எண்டால் வேற ஆளுக்குக் குடுக்கப் போறியள் எண்டு நினைச்சு மறுத்துப்போடுவினம். ரிக்கற் அடிச்ச அண்டே கண்டுபிடிச்சால், பெரும்பாலும் அண்டிரவுக்குள்ள ஏஜென்சி அதை வொய்ட் பண்ணி, அதாவது செல்லாமலாக்கி, புதுசா அடிக்கலாம்.

சீனக்குடாவிலிருந்து:
14ஆந் திகதி 00:40 பிளேன் எண்டால் 13ஆந் திகதியே திருகோணமலையால வெளிக்கிட வேணும். திகதியைப் பிழையா விளங்கித் தவறவிட்டால் நட்டஈடு கேக்க இடமில்லை. அதோட, முதல் பயணத்துக்குப் போகாட்டில் திரும்பி வாற ரிக்கற்றும் பொதுவா தானாவே ரத்தாகும். அதால, போகேலாது எண்டால் பிளேன் வெளிக்கிட முதலே கம்பனிக்கு அறிவியுங்கோ.

காசு வெட்டுப்பட்டும் 13 இலக்க ரிக்கற் நம்பர் வரேல்லையோ? அது வெறும் இடப்பதிவு, ரிக்கற் இல்லை. ஸ்ரீலங்கன் எண்டால் நம்பர் 603இல தொடங்கும்.

உப்புவெளியிலிருந்து, திரும்பவும்:
விமானப் பயணிகளின்ர நட்டஈட்டுக்கான ஐரோப்பாவின்ர 261 சட்டத்தைக் கனபேர் தூக்கிக்கொண்டு வருகினம். ரிக்கற்றில பேர் பிழைச்சதுக்கு அதில காசில்லை. உறுதியான இடம் இருந்தும் ஆள் கூடிப்போச்சு எண்டு ஏத்தாமல் விட்டால் கேக்கலாம். கொழும்பில இருந்து வளைகுடாக் கம்பனியில லண்டன் போனால் அந்தச் சட்டம் சேராது; லண்டனில இருந்து வெளிக்கிட்டால் அதே மாதிரியான பிரித்தானியச் சட்டம் எந்தக் கம்பனிக்கும் சேரும். 3500 கிலோமீற்றருக்கு மேல லண்டனில இருந்து 520 பவுண், பரிசில இருந்து 600 யூரோ. நீங்களா விரும்பி இடம் விட்டுக்குடுத்து வவுச்சர் வாங்கினால் அந்தக் காசு இல்லை.

கடிதத்தில பிஎன்ஆர், ரிக்கற் நம்பர், பற்றுச்சீட்டுகள், கேக்கிற மொத்தத் தொகை. மன உளைச்சலைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதினால் வாசிக்கிறவைக்குத்தான் உளைச்சல். உள்ளூர் ஏஜென்சி மசியாட்டில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குச் சொல்லுங்கோ, போன் நம்பர் 1977. போன் அடிச்சுக் கதைச்சது மட்டும் காணாது: மூண்டு மாதத்துக்குள்ள முறைப்பாடு எழுத்தில போக வேணும், பற்றுச்சீட்டின்ர பிரதியோட.