கொடைப்பெட்டியா, தாய்ப்பெட்டியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். திரைப்பட விண்கல மாதிரிகளில் ஒட்டப்பட்ட துண்டுகள் எந்தப் பிளாஸ்டிக் கிட்டிலிருந்து (வீட்டில் ஒட்டிக் கட்டும் பொம்மை வாகனத்தின் உதிரித் துண்டுகள் அடங்கிய பெட்டி) வந்தன என்று கண்டுபிடிக்கிறார்களே, அந்தக் கிட்டுக்கு (ஆங்கிலத்தில் டோனர் கிட்) தமிழில் என்ன சொல்லலாம் என்று இந்த இழை தொடங்கியது. இதுவரை வந்தவை: கொடைப்பெட்டி, வழங்குபெட்டி, மூலத்தொகுப்பு. 'கிட்'டுக்குப் 'பெட்டி' போதும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. கடையில் வாங்குவதும், அலமாரியில் பிரிக்காமல் அடுக்கிவைத்துப் பெருமூச்சு விடுவதும் பெட்டியைத்தான். எனக்கு உறுத்துவது முன்சொல். கிட்பேஷிங், கிரீப்ளி என்ற இரண்டுக்கும் தமிழ் கேட்டிருந்தார்கள்; அவற்றைக் கடைசியில் பார்க்கலாம்.

மாதிரி கட்டும் பழக்கம் இல்லாதவர்களும் இதைப் படிப்பதால், பொருளைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

1977-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்காகக் கட்டிய மில்லேனியம் ஃபால்கன் என்ற விண்கப்பலின் மாதிரி ஏறத்தாழ ஐந்தடி நீளம். அதன் மேற்பரப்பு முழுக்கக் குழாய், மூடி, சக்கரம், விசிறி, தகடு என்று ஏதேதோ முளைத்திருக்கும். அத்தனையையும் கையால் செதுக்க ஆயுள் போதாது. செதுக்கினாலும் அந்தக் கூர்மை வராது. அதனால் டாங்கி, போர்க்கப்பல், பந்தயக் கார், ராக்கெட் என்று கண்ணில்பட்ட கிட்டுகளை எல்லாம் வாங்கிப் பிரித்து, வேண்டியதை வெட்டி ஒட்டினார்கள். இந்த வழக்கம் அதற்கும் முந்தியது. 1965-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த தண்டர்பேர்ட்ஸ் தொடரிலேயே டெரெக் மெடிங்ஸ் குழுவினர் இதைச் செய்தார்கள்.

ஏன் இது கண்ணை ஏமாற்றுகிறது என்பதில்தான் சுவாரசியம். டாங்கியின் ஒரு சின்ன மூடியை வார்த்தவர் அதன் கீலையும் திருகுகளையும் விடாமல் வார்த்திருக்கிறார். அது உண்மையான ஒரு இயந்திரத்தின் குறுவடிவம். அதைத் தலைகீழாகத் திருப்பி ஒரு கப்பலின் வயிற்றில் ஒட்டினால், என்ன வேலை செய்கிறது என்று நமக்குத் தெரியாது. ஆனால் ஏதோ வேலை செய்கிறது என்று மனம் நம்பிவிடுகிறது.

இனி, கண்டுபிடிக்கும் வேலை. அந்த ஐந்தடி ஃபால்கனில் அடையாளம் கண்டவற்றில், லியோபோல்ட் என்ற ஜெர்மன் ரயில் பீரங்கியின் ஹசெகாவா நிறுவனத்தின் 1/72 அளவுக் கிட்டும், ஃபெராரி 312பி பந்தயக் காரின் டமியா நிறுவனத்தின் 1/12 அளவுக் கிட்டும் உண்டு. ஒன்று அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு, மற்றது பன்னிரண்டில் ஒரு பங்கு. இரண்டும் ஒரே கப்பலின் தோலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சண்டையில்லாமல் பிழைக்கின்றன. பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவுக்கும் கப்பலின் அளவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. புதிதாகத் தேட வருபவர்கள் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான். "இது 1/35 மாதிரி தெரிகிறதே" என்று அந்த அளவுக் கிட்டுகளிலேயே தேடித் தேடிக் களைத்துப்போவார்கள்.

நானும் களைத்தவன். ஒரு மாதிரியின் பக்கவாட்டில் தெரிந்த ஒரு துண்டுக்காக மாதக்கணக்கில் டாங்கிகளையே புரட்டினேன். கடைசியில் அது ஒரு மோட்டார் சைக்கிளின் எஞ்சின் பாதி. பாதிக்குப் பாதி வெட்டி, வெட்டிய பக்கம் கீழே போகும்படி ஒட்டியிருந்தார்கள். ஒரு துண்டை முழுதாக ஒட்டுவது அபூர்வம். நறுக்குவார்கள், புதைப்பார்கள், அதன் மேலேயே இன்னொன்றை ஏற்றுவார்கள். வெளிப்பக்கத்தைவிட உட்பக்கம் அழகாக இருந்தால் உட்பக்கத்தைக் காட்டி ஒட்டுவார்கள். அப்போது அச்சிலிருந்து துண்டைத் தள்ளிவிடும் ஊசியின் வட்டத் தழும்புகூட மேலே தெரியும். அந்தத் தழும்பை வைத்தே ஆளைப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு துண்டு பிடிபட்டுவிட்டால் அதன் பலன் பெரிது. அந்தக் கிட்டை வாங்கி, துண்டை அளந்து பார்க்கிறோம், 24 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பழைய நிழற்படத்தில் அது 60 படப்புள்ளி நீளம். பக்கத்திலேயே, அதே தளத்தில், 150 புள்ளி நீளத்துக்கு ஒரு குழாய் ஓடுகிறது என்றால் குழாய் 60 மி.மீ. இப்படி ஒன்றைப் பிடித்து மற்றொன்று, அதைப் பிடித்து இன்னொன்று என்று, அசலைத் தொட்டே பார்க்காதவர்கள் அதன் அளவுகளைக் கட்டியெழுப்புகிறார்கள். 2017-இல் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட 1/72 ஃபால்கன் கிட்டில், அந்தப் பழைய துண்டுகளின் வடிவங்களையே சுருக்கி வார்த்திருக்கிறார்கள். கிட்டைக் கொன்று கட்டிய கப்பல், தானே ஒரு கிட்டாகிவிட்டது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன்.

கொடைப்பெட்டி என்றால் எனக்கு உண்டியல்தான் தெரிகிறது. யாரிடம் சொன்னாலும் அதில் காசு போடத்தான் நினைப்பார்கள். பொருளும் பொருந்தவில்லை. கொடுக்க மனம் உள்ளவன் கொடுப்பது கொடை. இந்தப் பெட்டியோ பிடுங்கப்பட்டது. தவிர, குறைகடத்திப் பாடத்தில் மாசு அணுவுக்கும், மருத்துவத்தில் குருதி தருபவருக்கும் 'கொடையாளி' ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கிறது. வழங்குபெட்டி இன்னும் மோசம்; 'வழங்கி'யைக் கணினிக்காரர்கள் செர்வருக்கு எழுதிக்கொடுத்தாயிற்று. மூலத்தொகுப்பு குறையில்லாத சொல், ஆனால் மூலநூல், மூலநிரல் என்று எதற்கும் ஒட்டும் சொல் எதையும் இறுகப் பற்றாது.

என் முன்மொழிவு: தாய்ப்பெட்டி.

நிலத்துக்கு வில்லங்கம் பார்க்கும்போது தாய்ப்பத்திரம் எங்கே என்றுதானே கேட்கிறோம்? இன்றைய பத்திரம் எதிலிருந்து கிளைத்ததோ அது தாய். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போகிறவருக்கு, வேண்டிய சொல் வம்சத்தைக் காட்ட வேண்டும், தானத்தை அல்ல. தேடும் செயலுக்கும் தனிச்சொல் கட்ட வேண்டாம். 'தாய் தேடல்' என்றாலே போதும். "இந்த விசிறித் துண்டுக்கு இன்னும் தாய் கிடைக்கவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். விளக்கம் தேவைப்படாது.

உடன் கேட்ட மற்ற இரண்டுக்கும் சுருக்கமாக. கிட்பேஷிங், அதாவது கிட்டுகளைப் பிரித்து வேறொன்றைக் கட்டுவது, ரயில் மாதிரிக்காரர்களிடமிருந்து வந்த சொல். 'பிரித்துக்கட்டல்' சரியாக இருக்கும். கிரீப்ளி, மேற்பரப்பில் ஒட்டும் அந்தச் சில்லறைத் துண்டுகளுக்கு ஸ்டார் வார்ஸ் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸின் குழுவில் புழங்கிய விளையாட்டுச் சொல்; அதற்கென்று வேறு பொருள் கிடையாது. 'நகாசு' என்று ஒருவர் சொன்னது நெருங்கிவருகிறது. ஆனால் நகாசு தன்னை அழகு என்று ஒத்துக்கொள்கிறது. இதுவோ தன்னை இயந்திரம் என்று பொய் சொல்கிறது. 'பொறிநகாசு' என்றால் இரண்டும் சேரும்.

அன்புடன்.

* * *

ஐயா, வணக்கம்.

உண்டியலைப் படித்துச் சிரித்துவிட்டேன். கொடைப்பெட்டியை முன்மொழிந்தவன் நான்தான். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் தாய்ப்பெட்டியில் எனக்கு ஒரு தடுமாற்றம். பிரித்துக்கட்டலில் எல்லாமே உதிரித் துண்டாக வருவதில்லை. பல சமயம் ஒரு கிட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு, ஒரு விமானத்தின் உடலையே கப்பலின் உடலாக்கி, அதன்மேல் மற்ற கிட்டுகளின் துண்டுகளை ஏற்றுகிறோம். தாய்ப்பெட்டி என்று கேட்டதும் நான் அந்த அடிப்படைக் கிட்டைத்தான் நினைத்தேன். பெற்றவளும் தாய்தான், சுமப்பவளும் தாய்தான் என்றால் பட்டியல் எழுதும்போது குழம்பும்.

இன்னொன்று. துண்டு பிறந்தது பெட்டியிலா, அச்சிலா? அச்சு கைமாறும். எஸ்கி நிறுவனத்தின் 1/9 அளவு வாகன அச்சுகள் பிற்பாடு இத்தலேரி என்ற இன்னொரு நிறுவனத்தின் பெயரில் வந்தன. இரண்டு பெட்டி, இரண்டு படம், இரண்டு பெயர், உள்ளே ஒரே பிளாஸ்டிக். இதில் எது தாய்?

'பிறந்த பெட்டி, புகுந்த கப்பல்' என்று வைத்துக்கொண்டால் என்ன என்றும் ஒரு யோசனை. பாதி விளையாட்டாகத்தான் சொல்கிறேன்.

* * *

அன்புள்ள நண்பருக்கு,

பிறந்த பெட்டி, புகுந்த கப்பல்: கலைச்சொல்லாக நீளம், ஆனால் எங்காவது கட்டுரையில் திருடிக்கொள்வேன். அனுமதி தாருங்கள்.

தடுமாற்றத்துக்கு விடை ஒட்டுக்கட்டுகிறவர்களிடம் இருக்கிறது. மாமரத்தில் ஒட்டுக்கட்டும்போது குச்சி வெட்டி எடுக்கும் மரம் தாய்மரம். அதைத் தாங்கி நிற்கும் கன்று வேர்ச்செடி. சுமப்பதற்குத் தாய் என்ற பெயர் அங்கே இல்லை. அதையே அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: துண்டு தந்தது தாய்ப்பெட்டி, உடலைத் தந்தது வேர்ப்பெட்டி. எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு மரத்தை விட்டுவிட்டேன்.

அச்சு பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அதற்குத் 'தாயச்சு' என்று தனியாகவே வைத்துவிடலாம். பட்டியலில் தாயச்சுக்கு ஒரு பத்தி, அதன் கீழே அந்த அச்சிலிருந்து வந்த பெட்டிகள் எல்லாம். தேடுகிறவருக்கு இதனால் நேரடி லாபமும் உண்டு: படப்பிடிப்பு நடந்த காலத்துப் பெட்டி கிடைக்காவிட்டால் மறுவெளியீட்டை வாங்கி அளந்துகொள்ளலாம். மறுவெளியீட்டில் அச்சைத் திருத்தியிருக்கிறார்களா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். தேய்ந்த அச்சில் ஓரம் மழுங்கியிருக்கும். சில நேரம் துண்டுகள் கோத்திருக்கும் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தையே மாற்றியிருப்பார்கள்.

அன்புடன்.

* * *

வணக்கம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஒரே ஒரு கேள்வி. ஒரே துண்டு நூறு இடத்தில் வேண்டுமென்றால் நூறு கிட்டு வாங்கமாட்டார்களே. ஒரு துண்டை வைத்து ரப்பர் அச்செடுத்து, பிசினில் வார்த்து ஒட்டுவார்கள். அந்த வார்ப்பு எந்தப் பெட்டியையும் கண்ணால் பார்த்ததில்லை. அதற்கு யார் தாய்?

* * *

வார்ப்புக்குத் தாய் அந்தத் துண்டு. பெட்டி, பாட்டி.

பட்டியலில் 'தாய்ப்பெட்டி (வார்ப்பு வழி)' என்றே எழுதிக்கொள்வோம். 'பாட்டிப்பெட்டி'க்கு யாராவது வாக்குக் கேட்பதற்குள் இதை முடித்துவிடலாம்.