கட்டைக்குள் நடந்த கூத்து: காளான், லிக்னின், உங்கள் அனுபவங்கள்

மூன்று வருடமாக மழையில் கிடந்த ஒரு மரக்கட்டையை நகர்த்தப் போனேன். தொடை பருமன் இருந்தது, தூக்கினால் பஞ்சு கனம்தான். உடைத்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று நார் நாராகப் பிரிகிறது, வெளியே அடுக்கடுக்காகக் காளான். ஏதோ பூசணம் படிந்த வெள்ளை என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினைக் காளான் சிதைத்துவிட்டதாம், மிஞ்சி நின்ற நார்ப்பொருளான செல்லுலோஸ்தான் அந்த வெள்ளை. உங்களுக்கு இப்படி ஏதாவது?

-----

எனக்கு ஆய்வகத்தில், அதுவும் என் அசட்டுத்தனத்தால். ஃபனரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சையை வளர்த்தேன், லிக்னினைச் சிதைக்கும் லிக்னின் பெராக்சிடேஸ் என்ற நொதி 1983-இல் முதலில் பிடிபட்டது இதில்தான். நன்றாக வளரட்டுமே என்று நைட்ரஜனை அள்ளிக் கொட்டினேன். கொழுகொழுவென்று வளர்ந்தது, ஆனால் அந்த நொதி இருக்கிறதா என்று சோதிக்க வெராட்ரைல் ஆல்கஹால் சேர்த்து, 310 நானோமீட்டர் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்தால் வரைபடக் கோடு அசையவே இல்லை, ஒரு வாரம் கருவியைத் திட்டிக்கொண்டிருந்தேன். நைட்ரஜனுக்குத் தட்டுப்பாடு வந்தால்தான் இது அந்த நொதியைச் சுரக்கும். மரத்தில் நைட்ரஜன் எவ்வளவு சொற்பம் என்று யோசித்திருந்தாலே போதும்! மறுமுறை பட்டினி போட்டு, குடுவையைக் குலுக்காமல் ஆக்சிஜன் மட்டும் செலுத்தினேன். ஆறாம் நாள் கோடு எழும்பியது.

-----

பட்டினியில் லிக்னினைத் தின்கிறது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், லிக்னினை மட்டும் கொடுத்தால் அது வளராது. உள்ளே இருக்கும் செல்லுலோஸுக்காகத்தான் இத்தனை பாடு.

நான் சிப்பிக் காளானின் இழையை நீலச் சாயம் கலந்த தட்டில் வைத்தேன், பரவிய இடமெல்லாம் நீலம் வெளுத்துவிட்டது. சாயத்துக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்பினேன். லிக்னினில் பல வகைப் பிணைப்புகள் ஒழுங்கில்லாமல் கலந்து கிடக்கும், அதனால் ஒரு பிணைப்பைத் தேடி வெட்டும் வேலை இங்கே நடக்காது. காளான் சுரக்கும் லாக்கேஸ், பெராக்சிடேஸ் என்ற நொதிகள் ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிவிடும், மூலக்கூறு நிலைகுலைந்து தானாக உடையும். சாயமும் அப்படித்தான் மாட்டிக்கொண்டது. இன்னொன்று, கெட்டியான மரச்சுவருக்குள் நுழைய முடியாத அளவுக்கு இந்த நொதிகள் பெரியவை. மாங்கனீசு பெராக்சிடேஸ் வெளியே நின்றபடி மாங்கனீசு அயனியை முறுக்கேற்றி உள்ளே அனுப்பும். எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இதுதான்.

-----

சரி, அப்படியென்றால் என் ஜன்னல் சட்டம் வெளுக்கவில்லையே? பழுப்பேறி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகிறது.

-----

அது பழுப்பு அழுகல், காளான்களில் வேறு கூட்டம் செய்யும் வேலை. லிக்னினைக் கொஞ்சம் மாற்றிவிட்டு அப்படியே போட்டுவிட்டு, செல்லுலோஸை உருவிக்கொண்டு போகும். நீங்கள் நசுக்கிய பொடி பெரும்பாலும் லிக்னின்தான்.