ஓபன் பிளான் ஹால்: ‘தடுப்பிலாக் கூடம்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். ஹால், சாப்பாட்டு இடம், சமையலறை மூன்றும் நடுவே சுவரில்லாமல் ஒரே இடமாக இருப்பதைத்தான் ஓபன் பிளான் ஹால் என்கிறோம். நம் அகராதிப் பட்டியலில் அதற்குத் ‘தடுப்பிலாக் கூடம்’ என்று பதியலாம் என்பது என் பரிந்துரை. முதலில் உங்கள் கேள்விகளுக்குப் பதில்.

> ‘திறந்தவெளிக் கூடம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. நேரடியாக இருக்கிறது.

ஐயா, அந்தச் சொல்லைக் கேட்டதும் மனத்தில் வருவது வானம்தான். திறந்தவெளி அரங்கம், திறந்தவெளிச் சிறை என்று அந்தப் பொருளிலேயே பழகிவிட்டோம். இங்கே வேலூரில் வீட்டு வரைபடத்தின் ஒரு மூலையில் ஓ.டி.எஸ். (ஓபன் டு ஸ்கை) என்று எழுதியிருப்பார்கள். மேலே தளம் போடாமல், வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விடுகிற இடம் அது. மேஸ்திரியிடம் போய்த் ‘திறந்த கூடம்’ என்றால் அவருக்கு அதுதான் தோன்றும். சுவர் வேண்டாம் என்று சொல்ல வந்து, கூரை வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடும்.

> நம் பழைய கூடமே ஓபன் பிளான்தானே? புதுச்சொல் எதற்கு?

இதைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன். முற்றம் வைத்த வீடுகளில் கூடமும் தாழ்வாரமும் சுவரில்லாமல் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தது உண்மை. ஆனால் விறகடுப்புப் புகைக்காக அடுக்களை தனியே, கதவோடு இருந்தது. மேற்கிலும் சமையலறை கடைசியாகத்தான் உள்ளே வந்தது. பிராங்க் லாயிட் ரைட் சிகாகோவில் கட்டிய ராபி வீடு 1910இல் முடிந்தது. அதில் வரவேற்பறையும் சாப்பாட்டு அறையும் ஒரே நீள இடமாக ஓடும், நடுவே கணப்படுப்பு மட்டும் நிற்கும். சமையலறை அப்போதும் தனிப் பகுதியில்தான் இருந்தது. இன்று நாம் பெயர் தேடுவது மூன்றும் சேர்ந்த இடத்துக்கு. வெறும் ‘கூடம்’ அதற்குப் போதாது.

சரி, என் பரிந்துரைக்கு வருகிறேன். சத்துவாச்சாரியில் உறவினர் வீட்டு வேலை நடக்கிறது. தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே வரவிருந்த நாலரை அங்குலச் சுவரைக் காட்டி மேஸ்திரி கேட்டார்: “இங்க தடுப்பு வேணாங்களாம்மா?” வீட்டுப் பெரியம்மா உடனே, “மொளகா கிள்ளிப் போட்டா ஹாலெல்லாம் நெடி ஏறுமேப்பா” என்றார். அவர் பேசியதும் தடுப்பைப் பற்றித்தான். சுவர் எழுப்புகிறவரும் அதற்குள் சமைக்கப்போகிறவரும் ஒரே சொல்லில் பேசிக்கொள்ளும்போது, நாம் வேறு சொல் தேடுவானேன்?

ஆகவே தடுப்பிலாக் கூடம். ‘தடுப்பிலா’ என்பதை அடையாக வைத்துக்கொண்டால் தடுப்பிலா அலுவலகம், தடுப்பிலா வகுப்பறை என்று வீட்டுக்கு வெளியிலும் போகும். ஓபன் கிச்சன் தடுப்பிலாச் சமையலறை ஆகும். ‘இல்லாத’ என்பதன் கடைசி எழுத்து கெட்டு வந்த வடிவம் இது; இப்படி ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பதால் வல்லினம் வந்தால் மட்டும் ஒற்று மிகும்; எழுதுகிறவர்கள் அதைக் கவனித்தால் போதும்.

காட்பாடி நண்பர் தந்த ‘இணைகூடம்’ ஓசையில் இதைவிட அழகு. அதைக் கைவிட எனக்கும் மனமில்லை. ஆனால் இணைகோடுகள் பள்ளியிலிருந்தே நம்மோடு வருகின்றன. அவை எங்கும் சேராத கோடுகள்! இணைகூடம் என்றால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கூடம் என்றே மாணவர் படிப்பார். இன்னொருவர் சொன்ன ‘விரிகூடம்’ இடத்தின் அளவைச் சொல்கிறது. அரை கிரவுண்டில், 1200 சதுர அடி மனையில் கட்டுகிற குடும்பம் இடம் விரிந்திருப்பதால் சுவரை எடுப்பதில்லை, நெருக்கடியால்தான் எடுக்கிறது.

‘இல்லை’ என்று சொல்லி ஒன்றுக்குப் பெயர் வைக்கலாமா என்று கேட்பீர்கள். கம்பியில்லாத் தந்தி என்று வைத்தபோது யாரும் தடுமாறவில்லையே.

‘தடுப்பு’ என்ற வேரிலிருந்து வேறு சொற்களும் கிளைக்கும். இடுப்பளவுச் சுவர் அரைத்தடுப்பு. தள்ளித் திறக்கும் கண்ணாடி நகர்தடுப்பு. இந்த நகர்தடுப்பு எங்கள் ஊருக்கு மிக வேண்டிய பொருள். கத்திரி வெயிலில் மூன்று இடத்தையும் சேர்த்து ஏ.சி. குளிர வைக்கப் பார்த்தால் மின்கட்டணம் தாங்காது. ஹாலை மட்டும் மூடிக்கொண்டால் சமாளிக்கலாம். தாளிக்கிற நேரத்துக்கும் அதுவே உதவும், பெரியம்மாவின் கவலைக்கும் அதுதான் வழி.

எல்லாச் சுவரும் தடுப்பு அல்ல என்பதையும் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும். பழைய வீடுகளில் ஒன்பது அங்குலச் சுவர் பெரும்பாலும் தளத்தின் பாரத்தையே தாங்கி நிற்கும். அது தாங்குசுவர். பொறியாளரைக் கேட்டு, முட்டுக் கொடுத்து, பீம் போடாமல் அதில் கை வைக்கக் கூடாது. தாங்குசுவர், தடுப்புச்சுவர் என்ற பிரிவு அகராதிப் பதிவிலேயே தெரிய வேண்டும் என்பது என் விருப்பம், ஏனென்றால் வீட்டை மாற்றிக் கட்டுகிறவர்களும் அந்தப் பக்கத்தைத் தேடிப் படிப்பார்கள்.

அப்புறம், தடுப்பிலாச் சமையலறையின் நடுவில் தனியாக நிற்கும் மேடை. பட்டியலில் ‘சமையல் தீவு’ என்று யாரோ போட்டிருக்கிறார்கள். ‘நடுமேடை’ போதுமே? மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் இரண்டையும் சேர்த்தே பதிந்துவிடலாம்.

அன்புடன்,
வேலூரிலிருந்து