கோல் சீக் "தீர்வு கிடைத்தது" என்ற நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஒரு வெசலில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு பிடிக்கும் என்று கணக்குப் போடச் சொன்னார்கள். 50 பார், 300 கெல்வின். சிமுலேட்டர் லைசென்ஸ் வேறு டீமிடம் இருந்தது, என்னிடம் எக்ஸெல் மட்டும்தான். உண்மையான வாயுக்களுக்கான வான்டெர்வால்ஸ் சமன்பாட்டை V-இன் (ஒரு மோல் வாயுவின் கன அளவு) முப்படிச் சமன்பாடாக விரித்து, ஒரு பக்கம் பூஜ்யம் வரும்படி எழுதினேன். ஐடியல் கேஸ், அதாவது எளிய வாயு விதி தரும் விடையான 0.000499 கன மீட்டரை (ஒரு மோலுக்கு) ஆரம்ப மதிப்பாகக் கொடுத்து கோல் சீக் ஓட்டினேன். ஒரு செல்லை மாற்றி மாற்றிப் பார்த்து, ஃபார்முலாவை நாம் சொன்ன இலக்குக்குக் கொண்டுவரும் எக்ஸெல் கருவி அது; என் இலக்கு பூஜ்யம். தீர்வு கிடைத்தது என்று பெட்டி வந்தது. செல்லில் அதே 0.000499. அப்படியே ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்தேன்.

சீனியர் பார்த்ததும் கேட்டார்: "கிரிட்டிகல் டெம்பரேச்சர் 304. நீ 300ல நிக்கிற. அவ்வளவு கிட்டத்துல சிஓடூ எப்படிப்பா ஐடியலா இருக்கும்? ஆரம்ப மதிப்பை மாத்திப் பாரு."

0.01 கொடுத்தேன், 0.01 வந்தது. 0.02 கொடுத்தேன், 0.02. ஒவ்வொரு முறையும் தீர்வு கிடைத்தது என்றே சொன்னது. வயிற்றைப் பிசைந்தது.

காரணம் சின்னது. எக்ஸெல் தானாக வைத்திருக்கும் துல்லிய எல்லை 0.001. அந்த அளவுக்கு இலக்கை நெருங்கினால் கோல் சீக் நின்றுவிடும். என் V-யின் கனமோ 0.0000000001 அளவில் இருக்கிறது. இப்படிச் சின்ன எண் எதைப் போட்டாலும் அதற்குப் பூஜ்யம் மாதிரிதான். சமன்பாட்டை Z-க்கு (உண்மைக் கன அளவு, ஐடியல் கன அளவில் எத்தனை பங்கு என்ற எண்) மாற்றி எழுதினோம், 0.73 வந்தது. அதாவது 0.000366 கன மீட்டர். நான் எழுதிக் கொடுத்ததைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் கேஸ் அந்த வெசலில் அடங்கும். சேஃப்டி வால்வு கணக்குக்குப் போகவேண்டிய எண் அது. இன்றைக்கு நினைத்தாலும் பதறுகிறது.

இப்போது இந்த வேலைக்கு சைலாப் (Scilab) என்ற கணித மென்பொருளில் ரூட்ஸ் ஃபங்ஷன்தான். மூன்று மூலங்களும் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வரும், ஆரம்ப மதிப்பே வேண்டாம். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

* * *

சார், நீங்கள் எழுதச் சொன்னீர்களே, எனக்கு லாக்கில் (log, மடக்கை) நடந்தது. கண்டென்சர் கணக்கை எக்ஸெலிலிருந்து பைத்தானுக்கு மாற்றினேன். வெப்பநிலையிலிருந்து ஆவி அழுத்தத்தின் மடக்கையைத் தரும் அன்டோய்ன் சமன்பாட்டின் மாறிலிகள் சரி, டெம்பரேச்சர் சரி, ஆனால் தண்ணீரின் ஆவி அழுத்தம் 100 டிகிரியில் 17.8 மி.மீ. பாதரசம் என்று வந்தது. எக்ஸெலில் லாக் என்றால் அடிமானம் 10. பைத்தானின் கணித நூலகமான நம்பையில் (NumPy) லாக் என்றால் இயல் மடக்கை, அடிமானம் இ. பத்தின் அடுக்காகப் போடவேண்டியதை இ-யின் அடுக்காகப் போட்டிருந்தேன். எர்ரர் எதுவும் வராது, ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் என்பதால் கண்டுபிடித்தேன், பழக்கமில்லாத சால்வென்ட்டாக இருந்திருந்தால் நம்பியிருப்பேன். அன்றிலிருந்து எந்த ஃபைலிலும் முதல் வரி தண்ணீர்தான்: 100 டிகிரிக்கு 760 வரவேண்டும், வராவிட்டால் புரோகிராம் நின்றுவிடும்.