தார்ப்பாய் மூலை பிய்ந்துவிட்டது, ஊசி இல்லை

கேள்வி: காற்றில் தார்ப்பாயின் மூலை வளையம் துணியோடு பிய்ந்து வந்துவிட்டது. ராத்திரி மழை வரும்போல. என்ன செய்யலாம்?

பதில்: ஊசியே வேண்டாம். கோலிக்குண்டு அளவில் வழவழப்பான கூழாங்கல் ஒன்றைக் கிழிசலுக்குச் சற்று உள்ளே, துணிக்கு அடியில் வையுங்கள். துணியோடு சேர்த்துப் பிடித்து, கல்லுக்குக் கீழே கயிற்றால் சுருக்குப் போட்டு இறுக்குங்கள். இழுக்க இழுக்க முடிச்சு இறுகும். புது ஓட்டையும் விழாது. எனக்கு உலோக வளையத்தைவிட இதன்மேல்தான் நம்பிக்கை.

இன்னொருவர்: கிழிசலை அப்படியே விட்டால் ஓடும். காய்ந்தபின் இருபுறமும் டேப் ஒட்டுங்கள். டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டிவிடுங்கள், கூர்மூலைதான் முதலில் உரியும். சிலிக்கான் பூசிய துணி என்றால் சாதா டேப் நிற்காது, சிலிக்கான் பசைதான்.

கேட்டவர்: கல் கட்டியாயிற்று, நிற்கிறது. நைலான் துணி, நனைந்தால் தொய்கிறதே?

பதில்: ஆமாம், நனைந்த நைலான் நீளும். படுக்குமுன் கயிறுகளை இன்னொரு முறை இழுத்துக் கட்டுங்கள். ஒரு மூலையைத் தாழ்த்தினால் தண்ணீர் தேங்காது.