ஒரு கோரில் இரண்டு த்ரெட்: லாபமா, நட்டமா?

கேள்வி (பாளையங்கோட்டை):
பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகளுக்கிடையே காற்று ஓடும் விதத்தை ஓப்பன்ஃபோம் என்ற பாய்ம ஓட்டக் கணிப்பு மென்பொருளில் கணக்கிட்டு வருகிறோம். ஆய்வகக் கணினியில் இருப்பவை 16 கோர்கள் (செயலியின் தனித்தனிக் கணக்கிடும் பகுதிகள்); ஒரே கோரை இரண்டு த்ரெட்டுகள் (கட்டளை வரிசைகள்) பகிர வைக்கும் எஸ்எம்டி வசதி இயங்குவதால் லினக்ஸ் 32 என்று காட்டுகிறது. கணக்கை 32 பகுதிகளாகப் பிரித்தால், 16 பகுதிகளாகப் பிரித்தபோது ஆனதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. ஆனால் அதே மென்பொருளைக் கம்பைல் செய்யும்போது (மூல நிரலை இயங்கும் நிரலாக மாற்றும்போது) 32 வேலைகள் கொடுத்தால்தான் விரைவில் முடிகிறது. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளில்) எஸ்எம்டியை அணைத்துவிடலாமா?

பதில் 1 (வண்ணாரப்பேட்டை):
அணைக்க வேண்டாம் அண்ணாச்சி. பகுதிகளை 16 ஆகவே வைத்து, ஒவ்வொரு பகுதியையும் கணக்கிடும் பிராசஸை ஒரு கோரோடு பிணைத்துவிடுங்கள். இல்லையெனில் ஒரே கோரில் இரண்டு போய் உட்கார, பக்கத்துக் கோர் சும்மா கிடக்கக்கூடும்.

பதில் 2 (அம்பாசமுத்திரம்):
எஸ்எம்டி புதிய கோரைத் தருவதில்லை. ஒரே பரோட்டாக் கல்லில் இரண்டு மாஸ்டர்கள் நிற்பது போன்றது அது: ஒருவர் மாவுக்குக் காத்திருக்கையில் மற்றவர் கல்லைப் பயன்படுத்தலாம்; கல் ஏற்கெனவே நிறைந்திருந்தால் இடித்துக்கொள்ள வேண்டியதுதான். கம்பைலர் நினைவகத்தில் அங்குமிங்கும் தாவுகிறது, அதன் நிபந்தனைக் கிளைகளில் எது ஓடும் என்பதைச் செயலி அடிக்கடி தவறாக ஊகிக்கிறது, ஆகவே கோர் அடிக்கடி வெறுமனே நிற்கிறது. அந்த இடைவெளியை இரண்டாவது த்ரெட் நிரப்புகிறது. ஓப்பன்ஃபோமின் சமன்பாட்டுத் தீர்வியோ பெரிய அணிகளை நினைவகத்திலிருந்து தொடர்ந்து இழுப்பதால், பெரும்பாலும் 16 கோர்களுக்கு முன்பே நினைவக அலைவரிசை (ஒரு நொடியில் நினைவகத்திலிருந்து வரக்கூடிய தரவின் அளவு) தீர்ந்துவிடுகிறது. அதன்மேல் இன்னும் 16 பிராசஸ்களை ஏற்றினால், எல்1, எல்2 கேஷ்கள் (கோரிலுள்ள சிறு வேக நினைவகங்கள்) பங்கு போவதோடு, பகுதிகளின் எல்லைகளில் நடக்கும் எம்பிஐ (பிராசஸ்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் முறை) தகவல் பரிமாற்றமும் கூடும். 2002இல் ஹைப்பர் த்ரெடிங்குடன் (எஸ்எம்டிக்கு இன்டெல் வைத்த பெயர்) வந்த பென்டியம் 4இல் எல்1 தரவுக் கேஷ் வெறும் 8 கேபி. அதை இரண்டு த்ரெட்டுகள் பங்கிட்டதை நினைத்தால், அக்காலத்தில் பலர் ஏன் அதை அணைத்தே வைத்தார்கள் என்பது விளங்கும். இன்டெல் 2024இல் லூனார் லேக் செயலிகளில் இதைக் கைவிட்டது. ஏஎம்டி தன் ஜென் 5 செயலிகளில் தொடர்கிறது. வடிவமைப்பாளர்களே ஒருமுடிவாக இல்லாத விஷயம் இது.

பதில் 3 (தென்காசி):
முதல் பதிலுடன் முழுதும் உடன்பட இயலவில்லை. கல்லூரிக் கணினியாக இருந்து, பல மாணவர்கள் தத்தம் நிரல்களை ஓட்டுவதாக இருந்தால், பாதுகாப்பையும் பார்க்க வேண்டும். ஒரே கோரைப் பகிரும் த்ரெட்டுகளுக்கிடையே தரவு கசியக்கூடும் என்று அஞ்சியே ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம் 2018 ஜூனில் எஸ்எம்டியை இயல்பாகவே அணைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், எல்1 கேஷிலுள்ள தரவைக் கசியவிடும் எல்1டிஎஃப் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. அணைப்பதாக இருந்தாலும் பயாஸுக்குப் போகத் தேவையில்லை. ரூட் (நிர்வாகி) உரிமையுடன் லினக்ஸிலேயே, கணினியை மறுதொடக்கம் செய்யாமல் அணைத்து, மறுபடி இயக்கலாம். நம்பிக்கையானவர்கள் மட்டும் பயன்படுத்தும் கணினி என்றால் பிணைப்பே போதும்.